எத்தனையாவது சூசை?

பதிவு அலுவலகத்துப் பெண்மணி என் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் விரித்து வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "திரு. ஜோசப், உங்களுக்கு எத்தனை அப்பா?" என்று ஜெர்மனில் கேட்டார். கிண்டல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் சூசை. பள்ளிச் சான்றிதழில் சூசைமாணிக்கம். பாஸ்போர்ட்டில், சூசைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஜோசப். நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். ஜெர்மனியில் குடும்பப் பெயர் வேண்டும். அந்த ஜோசப் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. இப்போது எனக்கு நான்கு மாத மகன். யோசெஃப் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவன் பிறப்புப் பதிவில், தந்தையின் குடும்பப் பெயர் உறுதிசெய்யப்படவில்லை என்று ஒரு குறிப்பு ஏறிவிட்டது. அந்தக் குறிப்பு போகும்வரை குழந்தைக்கு பாஸ்போர்ட் கிடையாது. மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று யாராவது முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரோ இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

"ஒரே அப்பாவோடு திரும்பி வா" என்று என் மனைவி ஹன்னா விமான நிலையத்தில் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

திருச்சியில் இறங்கியதும் மார்ச் மாத வெயில் கண்ணைக் கூச வைத்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. பனி படிந்த கூரைகளும் வேப்ப மரங்களும் ஒன்றன்மேல் ஒன்று போட்ட படம் போலக் கடந்தன. பாடாலூரில் பஸ் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு நின்றது. "எறங்கிக்குங்க, பின்னாடி வண்டி வரும், ஏத்தி வுடுறேன்" என்றார் கண்டக்டர், இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்ற குரலில்.

ஜெர்மனியில் ரயில் ஏழு நிமிடம் தாமதமானால் எல்லோரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். இங்கே நாற்பது பேரும் டீக்கடைக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் சின்ன வெங்காய மூட்டைமேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என் பெட்டியில் தொங்கிய விமானச் சீட்டைப் பார்த்துவிட்டார்.

"எந்த ஊருக்குத் தம்பி?"

"வரதராசன்பேட்டைங்க."

"யாரு வூடு?"

"சூசை வாத்தியார் மகன்."

அவர் வெற்றிலைப் பற்கள் தெரியச் சிரித்தார். "அந்த ஊர்ல ஒரு கல்ல எடுத்து வுட்டா ஒரு சூசை மேலதானே தம்பி வுழும்! நீங்க எந்தச் சூசை?"

மசால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். இந்தக் கேள்விக்கு பதில் சொல்வதுதான் பத்து வருடமாக என் பிழைப்பு. ஆனால் வேறு ஊரில், வேறு பெயருக்கு.

கிழக்கு ஜெர்மனியின் ஒரு சின்ன ஊரில், ஆற்றுக்கு மேலே மலையில் நிற்கும் அரண்மனையில் நான் வழிகாட்டி. அது ராய்ஸ் என்ற வம்சத்தின் இடம். அந்த வம்சத்தில் பிறந்த ஆண்பிள்ளை அத்தனை பேருக்கும் ஒரே பெயர், ஹைன்ரிக். தங்களை ஆளாக்கிய ஹைன்ரிக் பேரரசருக்கு நன்றியாக அப்படி வைத்தார்கள் என்று சொல்வது வழக்கம். மூத்தவன் ஹைன்ரிக், தம்பி ஹைன்ரிக், அவன் தம்பியும் ஹைன்ரிக். ஆள் தெரியவேண்டும் என்பதற்காகப் பிறந்த வரிசையில் எண் கொடுத்தார்கள். ஒரு கிளையில் நூறுவரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். இன்னொரு கிளையில் புது நூற்றாண்டு பிறந்தால் புது வரிசை. பட்டத்துக்கு வந்தவனுக்கு மட்டும் எண் என்பதில்லை. தொட்டிலில் சில நாள் கிடந்துவிட்டுப் போன குழந்தைக்கும் எண் உண்டு, அது அவனோடு போய்விடும். அடுத்தவனுக்கு அடுத்த எண். இந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகள் சிரிப்பார்கள். நானும் கூடவே சிரித்து வைப்பேன்.

ராய்ஸ் என்ற பெயரே ஒரு பட்டப்பெயர்தான். முன்னோர்களில் ஒருவர் ருஷ்யப் பக்கம் சம்பந்தம் செய்தவர், அல்லது அங்கே போய் வந்தவர். ஊரார் 'ருஷ்யன்' என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டது வம்சத்தின்மேல் ஒட்டிக்கொண்டது.

"மலேயா சூசையோட கொள்ளுப்பேரன்" என்றேன் வெங்காயக்காரப் பெண்ணிடம்.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார். அவருக்கு எங்கள் குடும்பம் தெரியாது என்பது நிச்சயம். இருந்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் வந்தது.

பெரம்பலூரில் பஸ் மாறி அரியலூர் போனேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்பிய புழுதி வெயிலில் மஞ்சள் பனிபோல மிதந்தது. இந்த மண் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது. பள்ளியில் படிக்கும்போது சுருள் சுருளான கல் நத்தைகளைப் பொறுக்கியிருக்கிறோம். அரைத்தூக்கத்தில் லாரிகள் பெரிய மீன்களாக நகர்ந்து போயின. ஜெயங்கொண்டம் வந்ததும் கண்டக்டர் "ஜெயங்கொண்டம், ஜெயங்கொண்டம்" என்று கூவினார். ஒரு அரசனின் வெற்றிப் பட்டத்தை அவ்வளவு சாதாரணமாகக் கூவி, ஆட்களை இறக்கிவிட்டு, விசில் அடித்தார்.

வரதராசன்பேட்டையில் அப்பாவின் தங்கை ஆரோக்கியமேரி அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஏன்டா அருளு, புள்ளையத் தூக்கிட்டு வராம வெறும் பொட்டியத் தூக்கிட்டு வந்துட்ட!" என்றார். என் பெயர் அருளப்பன். தாத்தா பெயரும் அதுதான். எங்கள் வீட்டில் மூத்த பையன் என்றால் ஒரு தலைமுறை சூசை, மறு தலைமுறை அருளப்பன். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே பேரன். அந்த வரிசையில் என் மகன் சூசையாக வரவேண்டியவன். சூசையின் ஜெர்மன் உச்சரிப்புதான் யோசெஃப் என்றபோது அத்தை ஃபோனிலேயே அழுதிருந்தார்.

கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, பச்சை முந்திரிப் பருப்புக் கூட்டு. இரண்டாவது முறை சோறு போட்டபோதும் நான் கையை மறிக்கவில்லை. கொல்லைக்கு அப்பால் முந்திரித் தோப்பிலிருந்து பழுத்த பழ வாடை காற்றோடு வந்து வீட்டுக்குள் நின்றது. அதிலேயே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். என்னைவிட வயதில் சின்னவர், பக்கத்து மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த பெண். என் தாள்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"சர்ச்சுல ஞானஸ்நானச் சான்று வாங்கிட்டு வாங்க சார். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு வந்து சொல்லணும். நான் விசாரிச்சு எழுதி மேல அனுப்புறேன், தாசில்தார் கையெழுத்துப் போட்டுருவாங்க. நாளைக்கு நான் அரியலூர்ல மீட்டிங். நாளன்னைக்கு வாங்க."

வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். ராய்ஸ் வம்சத்து ஆட்கள் ஆரம்பத்தில் பேரரசருக்காக ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்ட மணியக்காரர்கள்தான் என்றேன். நிலம், வரி, வழக்கு எல்லாம் அவர்கள் கையில். அந்தப் பதவி அப்பனிடமிருந்து மகனுக்குப் போய், பிரபு ஆகி, கோமகன் ஆகி, கடைசியில் நாடாளும் இளவரசர் என்ற பட்டம்வரை ஏறியது.

"அப்ப எனக்கும் ராணியாக சான்ஸ் இருக்குங்கிறீங்க!"

"உங்கள மட்டும் ட்ரான்ஸ்ஃபர் பண்ணாம இருந்தா ஆகலாம் மேடம்."

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். உபதேசியார் இஞ்ஞாசி, கோயிலின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர், அலமாரியிலிருந்து ஒரு பெரிய பழுப்பு ஏட்டை எடுத்து வந்தார். அப்பாவின் பிறந்த தேதியைச் சொன்னேன். விரலால் வரி வரியாக இறங்கினார்.

"இந்தா இருக்கு. சூசை. தகப்பன் அருளப்பன், தாய் ஞானப்பூ. தேதி சரியா இருக்கா பாருங்க."

சரியாக இருந்தது. அப்பாவின் எல்லாச் சான்றிதழிலும் இருக்கும் தேதி. நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் உபதேசியாரின் விரல் ஓரத்தில் நகர்ந்து நின்றது. பொடிப் பொடியான எழுத்தில் ஒரு குறிப்பு. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்க்குள்ளேயே படித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"பதினோராம் நாள் இறைவனடி சேர்ந்தது."

கோயிலுக்குள் யாரோ தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஏட்டைப் புரட்டினார். பல பக்கங்கள் தள்ளி, பதினான்கு மாதம் கழித்து, இன்னொரு வரி. சூசை. அதே தகப்பன், அதே தாய். இந்த வரிக்கு ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லை.

"மொதப் புள்ளை போயிட்டிருக்கு. அதே பேர அடுத்ததுக்கு வச்சிருக்காங்க" என்றார் உபதேசியார் மெதுவாக. "அந்தக் காலத்துல வழக்கந்தான். பள்ளிக்கூடத்துல போடறப்ப மொத சர்டிபிகேட்டக் கொண்டு போயிருப்பாங்க போல."

என் அப்பா அறுபது வருடத்துக்கு மேல் வேறொருவருடைய பிறந்தநாளில் வாழ்ந்திருக்கிறார். எனக்கு ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார், பதினோரு நாள்.

உபதேசியார் நல்ல மனிதர். நான் தவிப்பதைப் பார்த்துவிட்டு அவரே வழி சொன்னார். "மொத வரியவே நகல் எழுதித் தந்துடட்டுமா? உங்க தாள்ல எல்லாம் அந்தத் தேதிதான் இருக்கு, ஒட்டிக்கும். ஓரத்துல எழுதினதுக்கு இந்த பாரத்துல கட்டமே கெடையாது. பொய் எழுதினதாவும் ஆகாது."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

சாயங்காலம் அத்தை தோப்பில் விழுந்த முந்திரிப் பழங்களைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பொறுக்கினேன். பதிவேட்டில் பார்த்ததைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"ஒங்கப்பனுக்குத் தெரியும்டா."

"எப்பலேருந்து?"

"அஞ்சாவது படிக்கறப்பவே. எங்கம்மா சொல்லிருச்சு. ரிட்டையராகறப்ப, பதினாலு மாசம் முந்தியே போறீங்களே, எழுதிப் போட்டு மாத்திக்கலாமேன்னு நாந்தான் சண்டை போட்டேன். 'அவன் பேரத் தூக்கிட்டுத் திரியறேன், அவன் பொறந்தநாளக் கொண்டாடறேன், இப்ப வேலைக்காக அது என்னுது இல்லன்னு சொல்லச் சொல்றியா'ன்னுட்டாரு."

அப்பாவின் பிறந்தநாளில் எங்களுக்குக் கேசரி உண்டு. பூசை முடிந்ததும் அவர் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் எங்கோ போய்விட்டு வருவார். எங்கே என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேசரி முன்னால் இருந்தது.

"எங்க வச்சாங்க அத்தை?"

"கல்லறையில வடக்கால. சின்னப் புள்ளைக்குச் சிலுவை நடறதில்ல அப்ப. ஒங்கப்பனுக்கு மட்டும் எடம் தெரியும். எனக்கே காட்டுனதில்ல."

ஹன்னாவுக்கு ஃபோன் செய்தேன். முழுக்கச் சொன்னேன். அங்கே மதியம், குழந்தை முனகுவது கேட்டது.

"உபதேசியார் கொடுக்கும் தாளை வாங்கிக்கொண்டு வா" என்றாள்.

"அது அப்பாவுடைய வரி இல்லை ஹன்னா."

"அருள், நீ அங்கே உன் பெரியப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாய். இங்கே உன் மகனுக்குப் பெயர் இல்லை." சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்றாம் நாள் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து மீன்சுருட்டிப் பக்கம், கங்கைகொண்ட சோழபுரம் போனேன். ஆட்டோக்காரர் வழியெல்லாம் ஜெர்மனியில் ஆட்டோ உண்டா, மீட்டர் போடுவார்களா என்று விசாரித்தார். இல்லை என்றதும், "அப்ப அவசரத்துக்கு என்னங்க பண்ணுவாங்க?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

கோயிலில் கூட்டமில்லை. புல்தரையில் வெயில் அசையாமல் கிடந்தது. விமானத்தின் நிழலில் உட்கார்ந்தேன். சோழ வம்சத்திலும் எங்கள் வீட்டைப் போலத்தான், ஒரு அரசன் ராசகேசரி என்றால் அடுத்தவன் பரகேசரி, அவனுக்கு அடுத்தவன் மறுபடி ராசகேசரி. கல்லில் முதலில் வெற்றிகள், பிறகு பட்டங்கள், கடைசியில்தான் ஆள். கல்வெட்டு வரியில் விரலை வைத்தேன். சூடாக இருந்தது. இத்தனை வரிகளில் ஒரு கைக்குழந்தை எங்கேயாவது இருக்குமா என்று யோசித்தேன். பட்டமேறாதவனுக்குக் கல்லில் இடமில்லை.

ராய்ஸ் வம்சத்தின் கதையை நான் எப்போதும் ஒரே மாதிரி முடிப்பேன். முதல் உலகப் போர் முடிந்ததும் அரசர்கள் இறங்கினார்கள். சட்டம் பட்டங்களைப் பறித்தது. ஆனால் வெட்டி எறியவில்லை, பெயரோடு சேர்த்துவிட்டது. இளவரசர் என்பது பதவியாக இல்லாமல் குடும்பப் பெயரில் ஒரு சொல்லாக மட்டும் மிஞ்சியது. கைத்தட்டல் வரும். கூடத்தில் தொங்கும் வம்சாவளிப் படத்தில், பிறந்த தேதியும் இறந்த தேதியும் ஒட்டி ஒட்டி இருக்கும் ஹைன்ரிக்குகளைத் தாண்டி ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். நானும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அவர்கள் யாருடைய பிள்ளைகளாகவோ இருந்தார்கள் என்பது அந்த நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடினால் அரண்மனையின் நீண்ட கூடமும் இந்தக் கல்தரையும் ஒன்றாகச் சேர்ந்து, அதில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது.

காவலர் ஒருவர் வந்து தோளைத் தொட்டார். "தூங்கிட்டீங்களா சார்? நெழலு தள்ளிப் போயிருச்சு பாருங்க." என் பாதி உடம்பு வெயிலில் இருந்தது.

திரும்பி வந்து உபதேசியாரிடம், "ரெண்டு வரியும் எழுதிக் குடுங்க. ஓரத்துல இருக்கிறதையும் சேர்த்து" என்றேன். அவர் அந்த பாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

நான்காம் நாள் அத்தையும் எதிர்வீட்டு மாணிக்கம் அண்ணனும் என்னோடு வந்து கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நின்றார்கள். அவர் இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், இத நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஒரு பாராவுல முடிஞ்சிருக்கும்."

"தெரியும் மேடம்."

"அங்க ஒத்துக்கலைன்னா?"

"மறுபடி வரேன்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். அத்தையைப் பார்த்துக் கேட்டார், "சூசை வாத்தியார், சூசைமாணிக்கம், ஜோசப், மூணும் ஒருத்தர்தானே?"

"மூணும் எங்கண்ணந்தான். நாலாவது ஒருத்தன் இருந்தான். அவன் வேற. அவனும் எங்கண்ணந்தான்" என்றார் அத்தை.

ஒன்றரைப் பக்கம் எழுதினார். மூன்று பெயரும் ஒருவர் என்றும், அவர் ஆவணங்களில் உள்ள பிறந்த தேதி, குழந்தையிலேயே இறந்த அவருடைய அண்ணனுடையது என்றும் எழுதி, இரண்டு பேரையும் கையெழுத்துப் போட வைத்தார். ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் தாசில்தார் கையெழுத்தும் முத்திரையும் வந்துவிட்டன.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஹன்னா ஒரு வாரம் என்னோடு அளந்துதான் பேசினாள். பதிவு அலுவலகத்துப் பெண்மணி தாள்களை மேலிடத்துக்கு அனுப்பினார். மொழிபெயர்ப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. அந்தக் கோடையில் ஹன்னாவின் அக்கா கல்யாணம் வெளிநாட்டில் நடந்தது. குழந்தைக்கு பாஸ்போர்ட் இல்லாததால் நாங்கள் போகவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது, அதை நான் மறுக்கவில்லை. இலைகள் உதிரும்போது கடிதம் வந்தது. குறிப்பு நீக்கப்பட்டது, குழந்தையின் பெயர் யோசெஃப் ஜோசப். ஹன்னா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஒரே பெயர் இரண்டு தடவை" என்றாள். பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பரவாயில்லை, அங்கேயும் இரண்டு பேர்தானே" என்று என் தோளில் சாய்ந்தாள்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது ஊரில் இருந்த கடைசிக் காலையைப் பற்றி. விடிந்தும் விடியாமலும் அத்தை என்னைப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போனார். கோயில் வாசலில் உபதேசியார், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சூசைக்கு ஒரு பூசை" என்றார் அத்தை.

"எந்தச் சூசைன்னு எழுதட்டும்?"

"ரெண்டு பேரும்னு எழுதுங்க உபதேசியாரே. பெரியவனை மொதல்ல படிக்கச் சொல்லுங்க."

பீடத்தில் சாமியார் பெயர்களை வாசித்தார். "சூசை, சூசை" என்றார். தவறி இரண்டு முறை படித்துவிட்டார் என்று நினைத்தோ என்னவோ, முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தை கண்ணை மூடியிருந்தார். அவர் உதடு மட்டும், முதலில் ஒருமுறை, சற்று நிறுத்தி இன்னொரு முறை, அசைந்தது.